மச்சானின் குளிர்காலம்

ஒரு வெள்ளிக்கிழமை காலை, போன் திரையில் நாங்கள் மூன்று பேரும் முகம் பார்த்துக் கதைத்துக்கொண்டிருந்தபோது, என் தங்கை பேச்சை நிறுத்திவிட்டுத் திரைக்குக் கிட்ட வந்தாள். நான் சவூதியின் தெற்குக் கோடியில், ஜிஸான் நகரத்தில், பெனியனோடு விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். அவளுடைய கணவர், என் மச்சான், அதே நாட்டின் வடக்குக் கோடியில், அரார் நகரத்தில், ஒரு மதிலோரம் வெயில் தேடி நின்றிருந்தார். தங்கை கல்முனையில், தன் வீட்டுக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தாள். "மச்சான், எப்ப இரிந்து சிகரட் குடிக்கீங்க?" என்று கேட்டாள். எங்கள் பக்கத்தில் மனைவியும் கணவனை மச்சான் என்றுதான் அழைப்பாள்; அண்ணனான என்னை அவள் காக்கா என்பாள். மச்சான் வாழ்நாளில் ஒரு பீடியைக்கூடத் தொட்டவர் அல்லர். ஆனால் அவர் வாயைத் திறந்தபோதெல்லாம் வெள்ளைப் புகை வந்தது. அவர் சிரித்தார், சிரிக்கச் சிரிக்க இன்னும் புகை வந்தது, அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. இரண்டு கைகளையும் விரித்துக் காட்டி, "புள்ள, இது மூச்சு. குளிருக்கு இப்பிடித்தான் வரும்" என்றார். "மூச்சு எப்பிடிப் புகையும்?" என்று அவள் கேட்டாள். நானும் சும்மா இருக்கவில்லை. "வாய மணந்து பாக்க ஏலா எண்டுதானே இவ்வளவு தைரியம்" என்று எடுத்துக் கொடுத்தேன். மூச்சு தெரியும் அளவுக்குக் குளிர் உண்டு என்பதைக் கல்முனையில் பிறந்த ஒருத்தி நம்புவதற்கு ஒரு முழுக் காலை தேவைப்பட்டது.

அந்த மூச்சு நின்று இன்னும் ஒரு வருடம் நிறையவில்லை. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் சிரிப்பிலிருந்துதான் தொடங்க வருகிறது. அதில் எனக்கு மறுப்பில்லை. அவர் சிரித்த மனிதர்.

எங்கள் கரையில் கல்யாணம் முடித்தால் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணுடைய வீட்டுக்கு வந்து குடியிருப்பார். மச்சான் பொத்துவிலில் பிறந்தவர். தங்கைக்கென்று வாப்பா கட்டிக் கொடுத்த வீட்டுக்கு ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தார். எங்கள் தெருவில் முதல் சில மாதங்கள் தான் பட்ட பாட்டை அவர் கடைசி வரைக்கும் சொல்லிச் சொல்லிக் காட்டுவார். "உங்கட றோட்டுல எல்லாரும் என்னப் பாத்துச் சிரிப்பாங்க மச்சான். புது மாப்பிள்ள நடக்கிற நடையப் பாக்க வெளிய வருவாங்க. ஒருத்தராவது வாங்க, இரிங்க எண்டு கூப்பிடல்ல." நான் எங்கள் தெருவை விட்டுக் கொடுக்க மாட்டேன். சண்டை பிடிப்பேன். ஆனால் அவருடைய கண் அப்படி அமைந்துவிட்டது. எந்த ஊருக்குப் போனாலும் புது மாப்பிள்ளையின் கண்ணால்தான் அந்த ஊரைப் பார்த்தார். எந்த வீட்டுக் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைவிட, அந்தக் கதவுக்குள்ளிருந்து யார் கூப்பிடுகிறார்கள் என்பதே அவருக்கு முக்கியம்.

ஜிஸானில் குளிர்காலம் என்றால் விசிறியின் வேகத்தை ஒன்று குறைப்பது, அவ்வளவுதான். மற்ற மாதங்களில் வியர்வையில் ஊறிக் கிடக்கிற ஊர், மார்கழி, தையில்தான் மனிதர் வாழ்கிற ஊராகும். சனங்கள் தெருவில் பாயை விரித்து உட்காருவார்கள். மல்லிகைச் சரம் வாங்கி ஆண்களும் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிவார்கள். நான் வேலை செய்த பலசரக்குக் கடை, அங்கே அதைப் பக்காலா என்பார்கள், ஓர் ஒழுங்கையின் தொடக்கத்தில் இருந்தது. எல்லா வீட்டுக் கதவும் திறந்து கிடக்கும். மீன் பொரிக்கிற மணத்தை வைத்தே இன்றைக்கு யார் வீட்டில் விருந்தாளி என்று சொல்லலாம். எதிர்வீட்டுப் பெண் மேல்மாடியிலிருந்து கூப்பிட்டே பாதிச் சாமான் வாங்கிவிடுவாள். கடல் பக்கத்தில் இருந்தால் சனங்களின் தொண்டை பெரிதாகிவிடும் என்று நான் நினைத்துக்கொள்வேன், கல்முனையும் அப்படித்தான். ஜிஸானில் எனக்கு ஊரை விட்டு வந்த மாதிரியே இருக்கவில்லை. அதனால் வெள்ளிக்கிழமைகளில் வடக்கைக் கிண்டல் பண்ணுவது என் வேலையாகிப் போனது.

அரார் ஈராக் எல்லைக்குக் கிட்ட இருக்கிற பாலைவன ஊர். அங்கே குளிர் வந்தால் தெருவில் பூனையும் நிற்காது என்பார் மச்சான். அவர் தண்ணீர் கொண்டுபோகிற பவுசர் லொறி ஓட்டினார். விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்கு முன்பே புறப்பட்டு வீடு வீடாகப் போய், மதிலுக்கு வெளியே நின்று, மொட்டைமாடித் தாங்கிகளை நிரப்ப வேண்டும். குழாயின் வாயில் ஐஸ் பிடித்திருக்குமாம். அதைத் தட்டி உடைத்துவிட்டுத்தான் தண்ணீர் விட வேண்டுமாம். விரல்கள் வெடித்துப் போயிருப்பதைத் திரையில் பார்த்துவிட்டுத் தங்கை, விடுமுறைக்கு ஊர் வந்து திரும்பிய ஒருவரிடம் தேங்காய் எண்ணெய் கொடுத்தனுப்பினாள். அது அராருக்குப் போய்ச் சேர்ந்தபோது கல்லாகிவிட்டது. மச்சான் போத்தலைத் தலைகீழாகப் பிடித்துப் படம் எடுத்து எனக்கு அனுப்பி, "உங்கட தங்கச்சி மெழுகு அனுப்பிரிக்கா" என்று எழுதியிருந்தார். அதை நான் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டிச் சிரித்தேன். தங்கை சிரிக்கவில்லை. எண்ணெய் உறைகிற இடத்தில் மனிதர் எப்படி இருப்பார் என்பதுதான் அவளுடைய கேள்வி. அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள் முதலில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இண்டைக்குக் குளிரா?"

அவருடைய தெருவைப் பற்றி நான் வைத்திருந்த எண்ணமும் அவ்வளவு நல்லதாக இல்லை. ஆள் உயரத்துக்கு மேலே மதில், இரும்புக் கேற், சத்தமே இல்லாத மனிதர்கள். "சிறைச்சாலைக்குத் தண்ணி ஊத்துறீங்க மச்சான்" என்பேன். முதல் வருடம் அவரும் மறுத்துப் பேசியதில்லை. இரண்டாவது குளிர்காலத்தில்தான் பேச்சு மாறியது. அந்தத் தெருவில் ஒரு வழக்கம் இருந்ததாம். குளிர்கால மாலைகளில் எந்த வீட்டு முற்றத்து அறையில் நெருப்பு எரிகிறதோ, அந்த வீட்டார் கேற்றை ஒரு சாண் அளவு திறந்து விடுவார்கள். அதைக் கண்டவர் யாரும் கேட்காமல் உள்ளே போய் உட்காரலாம். மச்சான் ஒரு முழுக் குளிர்காலம் அந்தத் திறப்பைக் கடந்து தன் அறைக்குப் போய்ப் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். அது தனக்கும் சேர்த்துத்தான் என்று அவருக்குத் தோன்றவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டு மனிதர், ஓர் ஆட்டு வியாபாரி, தானே வந்து கதவைத் தட்டி, "உனக்கு எங்கள் நெருப்பு பிடிக்காதா?" என்று கேட்டாராம். மச்சான் அவரை எங்கள் ஊர் வழக்கப்படி ஹாஜியார் என்றே சொல்வார். ஹாஜியார்தான் ஆட்டுத்தோல் உள்ளே வைத்துத் தைத்த பெரிய மேலங்கி ஒன்றை அவருக்குக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு திரையில் வந்து நின்றபோது மச்சானின் மூக்கு மட்டும்தான் தெரிந்தது. தங்கையின் மடியில் இருந்த அவர்களுடைய மகள், அப்போது நன்றாகக் கதைக்கத் தொடங்கியிருந்தாள், வாப்பாவை ஆட்டுக்குட்டி என்றாள்.

உம்ராவுக்காக மக்காவுக்குப் போய்விட்டு ஒரு முறை அவர் ஜிஸானுக்கு என்னிடம் வந்தார். ஒரு கிழமை நின்றார். அதுவும் குளிர்காலம்தான். நான் பெரிய பெருமையோடு கடற்கரைக்குக் கூட்டிப் போனேன், மீன் வாங்கிக் கொடுத்தேன், மல்லிகைச் சரத்தைக் கழுத்தில் போட்டேன், ஒழுங்கையில் எல்லாருக்கும் அறிமுகம் செய்தேன். எல்லாரும் அவர் தோளில் தட்டிச் சிரித்தார்கள். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, கடைக்கு முன்னால் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர், "மச்சான், நீங்க போன வருஷம் காய்ச்சல்ல கிடந்தீங்களே, ஆர் வந்து பாத்த?" என்று கேட்டார். நான் யோசித்தேன். கடை நாலைந்து நாள் பூட்டிக் கிடந்தது. திறந்த அன்று எல்லாரும் வந்து, ஊருக்குப் போய்விட்டாயோ என்று சிரித்தார்கள். யாரும் மேலே என் அறைக்கு ஏறி வரவில்லை. "ஒருத்தரும் வரல்ல" என்றேன். "அங்க பவுசர் சத்தம் ஒரு நாள் கேக்கல்லெண்டா ஹாஜியார் கதவத் தட்டுவார்" என்றார் மச்சான். "இஞ்ச வெயில் எல்லாருக்கும் இரிக்கி. ஆருக்கும் ஆரும் தேவையில்ல. அங்க நெருப்பு ஒரு வீட்டுலதான் இரிக்கி." எனக்குக் கோபம் வந்தது. என் ஊரைச் சொன்னால்கூடப் பொறுத்திருப்பேன்; நான் தேடிப் பிடித்த ஊரைச் சொல்லிவிட்டார். அன்றைக்கு அவர் சமைத்த மீன்குழம்புக்கு உப்புக் கூடிவிட்டது என்று சொல்லி அவரையே திருப்பி வம்புக்கு இழுத்தேன். ஆனால் அவர் சொன்னது சரி என்று அப்போதே தெரிந்திருந்தது.

தங்கைக்கு இந்த நியாயமெல்லாம் வேண்டாம். அவளுக்கு வேண்டியது அவர் குளிரை விட்டு வெளியே வருவது. நான் என் கடை முதலாளியிடம் கதைத்து, நோன்பு மாதம் முடிந்ததும் மச்சானை ஜிஸானுக்கு எடுக்க ஏற்பாடாகியிருந்தது. அவரும் ஒப்புக்கொண்டார். "நீங்க சொல்ற மாதிரி வாறன். இந்தக் குளிரு மட்டும் இஞ்ச இரிந்திட்டு வாறன்" என்றார். தங்கை ஊரில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள், அவருக்கு இனி குளிர் இல்லை என்று.

அந்த வருடம் வடக்கில் குளிர் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது. மச்சானின் அறையில் இருந்த மின்சார ஹீற்றர் பழுதாகிப் போனது. அன்றும் ஹாஜியாரின் நெருப்பருகே இருந்து பேசிவிட்டு எழும்பியபோது, இங்கேயே படுத்துக்கொள் என்று ஹாஜியார் சொல்லியிருக்கிறார். விடியமுன் பவுசர் எடுக்க வேண்டும், கேற் திறக்கிற சத்தத்தில் வீட்டுப் பெண்கள் எழும்பி விடுவார்கள் என்று மச்சான் மறுத்துவிட்டார். ஓர் இரும்புச் சட்டியில் கொஞ்சம் கரித்தணல் எடுத்துக்கொண்டு போனார். அறை சூடானதும் சட்டியை வெளியே வைத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும் என்று ஹாஜியார் சொல்லியனுப்பினார். சரி என்றவர், பகல் முழுக்கத் தண்ணீரில் நின்ற களைப்பில், சட்டியைப் பக்கத்தில் வைத்தபடியே கண்ணயர்ந்துவிட்டார். குளிர் உள்ளே வராமல் கதவிடுக்கிலும் ஜன்னலிடுக்கிலும் பழந்துணி அடைத்திருந்தார். மூடிய அறையில் கரி எரிந்தால் காற்று நஞ்சாகும். அதற்கு மணமும் இல்லை, இருமலும் வராது.

எங்கள் கரையில் நெருப்புச் சட்டி ஆளைக் கொல்லும் என்று யாருக்கும் தெரியாது. பிள்ளை பெற்ற பெண்ணின் கட்டிலுக்குக் கீழே சிரட்டைக்கரித் தணலை வைக்கிறவர்கள் நாங்கள். குழந்தையைக் குளிப்பாட்டி எடுத்துச் சாம்பிராணிப் புகை காட்டுகிறவர்கள். மகள் பிறந்தபோது அந்தச் சட்டியை ஊதி ஊதித் தங்கையின் அறைக்குள் கொண்டுபோய் வைத்தவரே மச்சான்தான். எங்கள் வீடுகளில் சுவருக்கும் கூரைக்கும் நடுவே காற்றுப் போக இடம் இருக்கும், ஜன்னல் எப்போதும் ஒருக்களித்துத்தான் இருக்கும். காற்றே வராத அறை என்று ஒன்றை நாங்கள் கண்டதில்லை. கண்டிருந்தால் பயந்திருப்போம்.

சுபஹு நேரத்தில் பவுசர் சத்தம் கேட்காததால் ஹாஜியார் போய்க் கதவைத் தட்டினார்.

நான் ரியாத் வழியாக அராருக்குப் போய் இறங்கியபோது பிற்பகலாகிவிட்டது. விமானத்தை விட்டு வெளியே வந்ததும் என் வாயிலிருந்தும் புகை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே நின்றேன். யாரோ ஒரு முன்பின் தெரியாத மனிதர் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வெளியே ஹாஜியார் காத்திருந்தார். நான் நினைத்து வைத்திருந்ததைவிடச் சிறிய மனிதர். தன் மேலங்கியைக் கழற்றி என் தோளில் போட்டார். வண்டியில் ஏறிய பிறகுதான் பேசினார். "நெருப்பு என் வீட்டு நெருப்பு. அவருடைய மனைவியிடம் நீ எனக்காகக் கேட்க வேண்டும்" என்றார். என்ன கேட்க வேண்டும் என்று அவர் சொல்லி முடிக்கவில்லை.

ஜனாஸாவை ஊருக்குக் கொண்டுபோவதா, அங்கேயே அடக்குவதா என்று தங்கைதான் சொல்ல வேண்டும். அவளுக்குப் போன் எடுத்தேன். அழுது அழுது குரல் போயிருந்தது. "காக்கா, அவர அந்தக் குளிருக்குள்ள வெச்சிட்டு வந்திராதீங்க" என்றாள். "என்ன செய்தாலும் கொண்டு வாங்க. நம்மட மையவாடில, நம்மட மண்ணுல அடக்குவம்." ஊருக்குக் கொண்டு வருவதென்றால் ஆவணங்கள் முடியும் வரை, கிழமைக் கணக்கிலோ மாதக் கணக்கிலோ, அவர் குளிர் பெட்டிக்குள் இருக்க வேண்டும் என்பதை நான் அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. வேறு யாரையாவது சொல்லச் செய்யலாம் என்று பார்த்தேன். வேறு யாரும் இல்லை. சொன்னேன். பிறகு, "அப்ப வேணாம்" என்றாள். "அங்கயே வைங்க. ஐஸுக்குள்ள வேணாம்." இன்னும் கொஞ்சம் கழித்து, "மண்ணுக்குள்ள எப்பிடி இரிக்கும் காக்கா? குளிருமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன்.

ஹாஜியார் கேட்கச் சொன்ன மன்னிப்பையும் அப்போதே கேட்டுவிட்டேன். பிறகு கேட்கத் துணிவு வராது. "அவர் குளிருக்கு நெருப்புத் தந்த மனிசன்" என்றாள் தங்கை. "அவரில எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லெண்டு சொல்லுங்க. மச்சான அங்கயே படுக்கச் சொன்னதும் அவர்தானே." கடையில் பழகிய என் ஓட்டை அரபியில் இதைச் சொன்னபோது ஹாஜியார் தலைத்துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். ஆட்டுச் சந்தையில் ஆளை அதட்டிப் பேரம் பேசிப் பழகிய மனிதர், என் முன்னால் ஒரு பிள்ளையைப் போல அழுதார்.

மறுநாள் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸாத் தொழுகை நடந்தது. பள்ளிவாசல் நிறைந்துவிட்டது. பிற நாட்டுக் கூலித் தொழிலாளி ஒருவருக்காகப் பத்துப் பேர் வந்தாலே பெரிது என்று நினைத்திருந்தேன். உயர்ந்த மதில்களுக்குப் பின்னாலிருந்து அந்தத் தெருவே வந்திருந்தது. அவர் தண்ணீர் ஊற்றிய வீடுகளின் ஆண்கள். உள்ளே போய்ப் பார்த்திராத வீடுகள். நான் சிறைச்சாலை என்று கிண்டல் பண்ணிய தெரு. அவர்கள் சத்தம் போடவில்லை, சிரித்துத் தோளில் தட்டவில்லை. வரிசையாக வந்து என் கையைப் பிடித்து, அல்லாஹ் உனக்குப் பொறுமையைத் தரட்டும் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள்.

மையவாடி ஊருக்கு வெளியே வெட்டவெளியில் இருந்தது. காற்று முகத்தை அறுத்தது. மேல் மண் இரும்பைப் போலக் குளிர்ந்து கிடந்தது. செருப்பையும் தாண்டிக் காலில் அந்தக் குளிர் தெரிந்தது. உறவுக்காரன் என்பதால் கபுறுக் குழிக்குள் இறங்கி அவரை வாங்கி வைக்கும் உரிமை எனக்கு. ஹாஜியாரின் மகனும் என்னோடு இறங்கினார். இறங்கியதும் காற்று நின்றுவிட்டது. அவரைக் கொடுப்பதற்கு முன்னால், படுக்கப்போகும் இடத்தைச் சரி பார்க்கக் கை வைத்தேன். மண் சூடாக இருந்தது. கொதிக்கிற சூடு இல்லை. ஆள் எழும்பிப் போன பாயில் கொஞ்ச நேரம் ஒரு சூடு இருக்குமே, அந்த அளவு. என் பிரமையோ என்று மற்றக் கையையும் வைத்துப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற ஹாஜியாரின் மகன் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். குளிர்காலத்தில் கீழ்மண் இப்படித்தான் இருக்கும், கோடையில் சூட்டை வாங்கி வைத்திருக்கும் என்று மேலே நின்ற ஒருவர் சொன்னார். அந்தச் சூட்டில்தான் மச்சானை வைத்தேன்.

மேலே ஏறியதும், கையில் மண்ணோடேயே, தங்கைக்குப் போன் எடுத்தேன். "மண் சூடாத்தான் இரிக்கி. நான் தொட்டுப் பாத்தன்" என்றேன். அவள் அல்ஹம்துலில்லாஹ் என்று மட்டும் சொன்னாள்.

அந்த நோன்போடு நான் ஜிஸானை விட்டு ஊருக்கே வந்துவிட்டேன். கணவனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல் இருப்பதுதான் இத்தா; தங்கை அதில் இருந்த மாதங்களில், வந்து போன பெண்களுக்கெல்லாம் அவளோடு ஒரே பிணக்கு. இத்தா இருக்கிற பெண் ஜன்னலையெல்லாம் திறந்து வைத்திருக்கிறாளே, றோட்டால் போகிறவர்கள் கண் படாதா என்பார்கள். அவள் திரையைத் தொங்கவிட்டுக்கொண்டாள், ஜன்னலை மூடவில்லை. மகள் தூங்கும் அறையின் கதவுக்குக் கீழே ஒரு செங்கல்லை வைத்துவிட்டாள், காற்றுக்குக்கூட அது சாத்தப்படக் கூடாது என்று. எங்கள் தெரு, மச்சான் குறை சொன்ன அதே தெரு, இத்தா முடியும் வரை அவள் வீட்டில் அடுப்பெரிய விடவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டிலிருந்து சோறு வந்தது. அதை அவர் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

இப்போது மாரி தொடங்கிவிட்டது. கடல் இரைகிறது, தோணிகளை மேலே இழுத்துப் போட்டிருக்கிறார்கள். எல்லா வீட்டு ஜன்னலும் சாத்திக் கிடக்க, தங்கையின் வீட்டு ஜன்னல்கள் மட்டும் திறந்திருக்கின்றன. தூவானம் அடித்து அறை நனைந்து போகிறது. நேற்று அஸருக்குப் பிறகு நான் மழையில் நனைந்தபடி போனபோது, அவள் குந்தியிருந்து பழைய சாரத் துணியால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மகள் இரண்டு சட்டையை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். துடைப்பதை நிறுத்தாமலே, "அங்கயும் இப்ப குளிரு தொடங்கிரிக்கும், என்ன?" என்று தங்கை கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

"மண் சூடா இரிந்ததெண்டு சொன்னீங்களே. எனக்காகச் சொல்லல்லதானே?"

இதை அவள் முன்பும் கேட்டிருக்கிறாள். அவளை ஆறுதல்படுத்த நான் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன்: அவர் முகம் தூங்குவது போல இருந்தது என்று, ஒன்றும் தெரியாமல் போயிருப்பார் என்று. அதையெல்லாம் அவள் கேள்வியில்லாமல் எடுத்துக்கொண்டாள். உண்மையான இந்த ஒன்றைத்தான் நம்ப முடியாமல் இருக்கிறாள்.

"வல்லாஹி, சத்தியமா சூடா இரிந்த. ரெண்டு கையாலயும் தொட்டுப் பாத்தன்."

"முதல்ல எந்தக் கையால தொட்டீங்க?"

வலது கையை நீட்டினேன். சாரத்தைக் கீழே போட்டுவிட்டு, ஈரத்தைத் தன் உடுப்பில் துடைத்துக்கொண்டு, அந்தக் கையை இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்து வைத்துக்கொண்டாள். மழை உள்ளே அடித்துக்கொண்டிருந்தது.

"உங்கட கை குளிருது காக்கா" என்றாள்.